ஹைட்ரஜன் யந்திரமும் ஈரத்தின் கணக்கும்

ஹைட்ரஜன் ரயிலின் முதற் பெட்டி சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் பரீக்ஷிக்கப்பட்டு வெற்றியடைந்தது என்று 2025-ம் வருஷம் ஜூலை மாதம் ரயில்வே மந்திரி ஸ்ரீ அசுவினி வைஷ்ணவ் அறிவித்தார். ஹரியானாவில் ஜீந்து, ஸோனிப்பட்டு என்ற இரண்டு ஊர்களுக்கிடையே ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி அது. டீஸல் புகை இல்லை. மேலே மின்சாரக் கம்பி இல்லை. வெளிவருவது நீராவி மாத்திரமே. தமிழ்நாட்டுத் தொழிலாளிகளின் கை பட்டு இப்படிப்பட்ட வண்டியொன்று உருவானதில் நமக்குள்ள சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் சந்தோஷப்பட்ட கையோடு ஒரு கேள்வியையும் கேட்பது பத்திரிகையின் கடமையாகும். வண்டி நம்முடையது, வண்டிக்குள் இருக்கும் யந்திரத்தின் சூக்ஷ்மம் யாருடையது?

இதை வெறும் வாதத்துக்காக நாம் கேட்கவில்லை. ஹைட்ரஜன் யந்திரத்தைப் பற்றி மேடைகளில் பேசுவோர் அனைவரும், அதிலிருந்து வெளிவருவது சுத்த ஜலம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஜலந்தான் அந்த யந்திரத்துக்கு உயிர் என்பதையும், அதுவே அதற்கு யமன் என்பதையும் மேடையில் ஒருவரும் சொல்லுவதில்லை. எவ்வளவு ஜலத்தை உள்ளே நிறுத்துவது, எவ்வளவை வெளியே தள்ளுவது, எந்த நிமிஷத்தில் எந்த வால்வைத் திறந்து உள்ளே தங்கிய வாயுவை ஊதிக் கழிப்பது என்ற கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவரே இந்த யந்திரத்தின் மெய்யான சொந்தக்காரர். மற்றவர்கள் அதை விலைக்கு வாங்கியவர்கள், அவ்வளவே. தேசத்தின் பொருளாதார விடுதலையில் சிரத்தையுள்ள நம் நேயர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

எரிபொருள் மின்கலம் என்று பெயர் பெற்றிருந்தாலும் இதில் எரிப்பதென்பது கிடையாது. நடுவே ஒரு மெல்லிய சவ்வு. அதன் கனம் தலைமயிரின் கனத்தில் பாதியும் இராது. சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன். மறு பக்கம் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. இரு பக்கமும் பிளாட்டினத் துகள் ஏறிய கரிப்பூச்சு. ஹைட்ரஜன் அணு தன் எலெக்ட்ரானை விட்டுவிட்டு, வெறும் புரோட்டானாகச் சவ்வினூடே மறு பக்கம் போகிறது. எலெக்ட்ரானுக்குச் சவ்வில் வழி இல்லாமையால் அது கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. அப்படிச் சுற்றி வருவதுதான் மின்சாரம். மறு பக்கத்தில் எல்லாம் பிராணவாயுவோடு கூடி ஜலமாகின்றன. இந்தத் தத்துவத்தை 1839-லேயே வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் தேசத்து விஞ்ஞானி கண்டறிந்தார். அவர் பிழைப்புக்குச் செய்தது வக்கீல் தொழில். சவ்வு வைத்த மின்கலம் 1965-ல் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் முதன்முதலாகப் பறந்தது. ஆகவே தத்துவம் பழையது, எவருக்கும் பொது. சங்கடம் தத்துவத்தில் இல்லை.

சவ்வானது ஈரமாயிருந்தால்தான் புரோட்டானுக்கு வழிவிடும். காய்ந்துவிட்டால் வழி அடைபட்டுப்போகும், மின்சாரம் குறையும், அந்த இடம் சூடேறும், சூட்டினால் இன்னும் காயும், முடிவில் சவ்வில் ஊசிமுனையளவு ஓட்டை விழும். ஓட்டை விழுந்த சவ்வைத் தைத்து உபயோகிக்க முடியாது, தூக்கியெறிய வேண்டியதுதான். சரி, தாராளமாக ஈரம் வைத்துவிடலாமே என்றால், அதுவும் ஆகாது. ஜலம் மிகுந்தால் வாயு நுழைகிற நுண்ணிய துவாரங்களில் துளிகள் உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயு உள்ளே புக இடமின்றி மின்சாரம் சரிந்துவிடும். ஹைட்ரஜன் பக்கத்தில் துளி அடைத்துக்கொண்டாலோ இன்னும் விபரீதம். ஹைட்ரஜன் கிடைக்காத கலம் தன்னுடைய கரியையே தின்னத் தொடங்குகிறது. ஒரு கலத்தில் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஆகையால் நூற்றுக்கணக்கான கலங்களைச் சங்கிலிபோல் கோத்து அடுக்குகிறார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வடமதுரைக்காரருக்கு இந்த விஷயம் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். வடமதுரையிலிருந்து வேடசந்தூர் வரை நூல் மில்கள் பல நடக்கின்றன. சித்திரை வெயிலில் ஊரே வறண்டு கிடக்க, மில்லுக்குள் மாத்திரம் நனைந்த காற்று வீசுகிறதே, அது தொழிலாளியின் சுகத்துக்காக அன்று, நூலின் சுகத்துக்காக. காற்று காய்ந்தால் நூல் அறுகிறது. ஈரம் மிஞ்சினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்கிறது. ஆகவே நூற்றுக்கு 55, 60 பங்கு ஈரம் என்று அளந்து, இரவும் பகலும் ஆள் வைத்துக் காக்கிறார்கள். அந்த அளவு பஞ்சுக்குப் பஞ்சு, நூலின் நம்பருக்கு நம்பர், மாசத்துக்கு மாசம் சிறிது மாறும் என்பதைப் பழகிய மேஸ்திரி அறிவார். மில் யந்திரத்தை விற்ற கம்பெனியின் புஸ்தகத்தில் அந்த அறிவு முழுவதும் இல்லை. அது இந்த ஊர்க் காற்றோடு பல வருஷம் பழகியதால் வந்தது. ஹைட்ரஜன் மின்கலத்தின் கதையும் இதுவே. அங்கே மட்டும் மில்லுக்குப் பதிலாக மயிரிழையிலும் மெல்லிய சவ்வு, மாசத்துக்குப் பதிலாக விநாடி.

ஜலத்தின் அளவைச் சற்றுப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜன் கூடினால் 9 கிலோ ஜலம் பிறக்கிறது. 100 கிலோவாட் சக்தியுள்ள யந்திரமொன்று முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 6 கிலோ ஹைட்ரஜன் செலவாகும். 54 லிட்டர் ஜலம் உண்டாகும். ஏறக்குறைய நாலு குடம். இவ்வளவும் காகிதத்தைவிட மெல்லிய இடுக்குகளில் பிறந்து, அங்கே தங்காமலும், அடியோடு அற்றுப்போகாமலும் வெளியேற வேண்டும். போதாக்குறைக்கு, புரோட்டான்கள் சவ்வைக் கடக்கையில் ஜலத்தையும் தம்மோடு இழுத்துக்கொண்டு போகின்றன. அதனால் ஹைட்ரஜன் பக்கம் காயவும் காற்றுப் பக்கம் வெள்ளமாகவும் பார்க்கும். காற்றுப் பக்கத்து ஜலத்தில் ஒரு பங்கு சவ்வு வழியே திரும்பிக் கசிந்துவருவதால்தான் ஓரளவு சமனாகிறது. வண்டி மேட்டில் ஏறும்போது ஒரு கணக்கு. இறக்கத்தில் வரும்போது வேறு கணக்கு.

இனி ஊதிக் கழிக்கும் விஷயத்துக்கு வருவோம். இதை யந்திரக்காரர்கள் ‘பர்ஜ்’ என்பார்கள். ஹைட்ரஜன் விலையுயர்ந்த பொருளாகையால் அதை ஒரு முனையில் விட்டு மறு முனையில் வெளியே விடுவதில்லை. வெளி வழியை அடைத்து வைப்பார்கள். அல்லது மிஞ்சியதைத் திரும்பத் திரும்ப உள்ளே சுற்றவிடுவார்கள். ஆனால் மறு பக்கத்துக் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருக்கிறதல்லவா? அது கொஞ்சங் கொஞ்சமாகச் சவ்வினூடே கசிந்து ஹைட்ரஜன் பக்கம் வந்து சேருகிறது. வேலை செய்யாமல் இடத்தை மாத்திரம் அடைத்துக்கொள்ளும் இந்த விருந்தாளியோடு ஜலத்துளிகளும் கூடிக்கொள்கின்றன. நேரமாக ஆக ஹைட்ரஜனுக்கு இடம் குறைந்து மின்சாரம் தளருகிறது. அப்பொழுது ஒரு சிறு வால்வைக் கண் இமைக்கும் நேரம் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தத்தால் நைட்ரஜனும் துளிகளும் வெளியே பாயும், புதிய ஹைட்ரஜன் உள்ளே வரும், மின்சாரம் நிமிரும்.

வால்வு திறப்பது எளிது. எப்பொழுது திறப்பது என்பதே வித்தை. அடிக்கடி திறந்தால் ஹைட்ரஜன் வீணாகும், சவ்வும் காயும். தாமதித்துத் திறந்தால் கலம் பட்டினி கிடந்து கரியைத் தின்னும். வண்டியின் வேகம், யந்திரத்தின் சூடு, வெளிக் காற்றின் ஈரம், யந்திரத்தின் வயது இவை எல்லாவற்றையும் பொறுத்து அந்த நேரம் மாறும். நிறுத்தும்போதோ வேறொரு ஊதல் வேண்டும். உள்ளே தங்கிய ஜலத்தைக் காற்றினால் ஊதி, சவ்வில் போதிய ஈரத்தை மாத்திரம் விட்டுவைக்க வேண்டும். குளிர்ப் பிரதேசங்களில் இதைச் செய்யத் தவறினால் இரவில் ஜலம் பனிக்கட்டியாகும். கட்டியாகும்போது நூற்றுக்கு 9 பங்கு பருத்து நுண்துவாரங்களைப் பிளக்கும். ஜப்பானியரின் ‘மிராய்’ மோட்டாரில் இதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கொட்டகையில் விடுமுன் அதை அமுக்கினால் தங்கிய ஜலம் தெருவிலேயே கொட்டிவிடும்.

அந்த மிராய் மோட்டாரில்தான் 2022-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி மந்திரி ஸ்ரீ நிதின் கட்கரி பார்லிமெண்டுக்கு வந்து இறங்கினார். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வெளிவந்தன. டொயோட்டாக் கம்பெனியார் இந்த வேலையை ஆரம்பித்தது 1992-ல். மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்தது 2014-ல். அந்த 22 வருஷ உழைப்பின் பலன்களில் ஒன்று, சவ்வை நனைப்பதற்கென்று தனியாக இருந்த கருவியை அடியோடு நீக்கி, கலத்தில் பிறக்கும் ஜலத்தைக் கொண்டே கலத்தை நனைக்கக் கற்றுக்கொண்டது. கேட்பதற்குச் சின்ன விஷயம். அதற்குப் பின்னால் எத்தனை கலங்கள் வெள்ளத்தில் அழுந்தியும் காய்ந்து கிழிந்தும் போயிருக்க வேண்டுமென்பதை யோசித்தால்தான் அதன் விலை தெரியும். படத்தில் வந்தது மோட்டார்; படத்தில் வராதது அந்த 22 வருஷம்.

சென்னையில் பரீக்ஷித்த ரயிலுக்கு வருவோம். ஜீந்து–ஸோனிப்பட்டு வண்டிக்காக 100 கிலோவாட் சக்தியுள்ள எட்டு மின்கலப் பெட்டிகளுக்கு ஹைதராபாத்து மேதா கம்பெனி ஆர்டர் கொடுத்திருப்பதாக, கனடா தேசத்து பாலார்டு கம்பெனி 2022-ல் அறிவித்தது. மேதா கம்பெனியை நாம் குறை சொல்லவில்லை. வேலையைக் காலத்தில் முடிக்க வேண்டியவர் கைவசமுள்ள நல்ல சரக்கை வாங்குவது நியாயமே. பாலார்டு கம்பெனியையும் குறை சொல்லவில்லை. பல வருஷம் பணம் போட்டுக் கற்ற வித்தையை அவர்கள் இலவசமாக அள்ளிக் கொடுக்க வேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஆனால் இப்படி வாங்கும் பெட்டிகள் பொதுவாக மூடிய பெட்டிகள் என்பதை மறக்கலாகாது. எந்த நிமிஷத்தில் ஊதுவது என்ற கணக்கு உள்ளே சிறு சில்லு ஒன்றில் எழுதிப் பூட்டியிருக்கும். பெட்டி கெட்டால் நம் மெக்கானிக்கு அதைக் கழற்றி அனுப்பலாம், காத்திருக்கலாம், திருத்த முடியாது.

மேலும் அந்தக் கணக்கு எந்த ஊர்க் காற்றுக்கு எழுதியது என்றும் பார்க்க வேண்டும். குளிர் தேசத்துக்காரரின் முதல் பயம் பனிக்கட்டி. நம்முடைய பயம் வேறு. திண்டுக்கல் சீமையில் கோடை காலத்து மத்தியானம் 35 பாகை வெப்பமும் நூற்றுக்கு 30 பங்கு ஈரமும் உள்ள காற்று சாதாரணம். வெயில் முற்றிய நாட்களில் வெப்பம் இன்னும் ஏறும். அந்தக் காற்றை 70 பாகைச் சூட்டில் வேலை செய்யும் மின்கலத்துக்குள் விட்டால், சூடு ஏறியவுடன் அதன் ஈரம் நூற்றுக்கு 5 அல்லது 6 பங்காகச் சுருங்கிவிடும். தாகத்தோடு வந்த அக்காற்று சவ்வின் ஜலத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். இதற்கு மேல், வெளியே சூடு மிகுந்தால் யந்திரத்தைக் குளிர்விப்பதும் கஷ்டம். அடுத்த ஐப்பசி மழையில் அதே காற்று ஈரம் சொட்டச் சொட்ட வரும். அப்பொழுது வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டும். அதே தேசத்தில் லடாக்கில், 11,562 அடி உயரத்திலுள்ள லே நகரத்தில், தேசிய அனல்மின் கழகத்தார் 5 ஹைட்ரஜன் பஸ்களை ஓட்டும் ஏற்பாட்டை 2024-ல் செய்தனர். அங்கே காற்றே மெல்லியது. குளிரோ நீரை உறையவைப்பது. லேயின் கணக்கு வடமதுரைக்கு உதவாது. வடமதுரையின் கணக்கு தூத்துக்குடியின் உப்புக் காற்றுக்கு உதவாது. இத்தனை விதமான காற்றுள்ள தேசம் மற்றவர் எழுதிய ஒற்றைக் கணக்கை வைத்துக்கொண்டு காலந் தள்ள நினைப்பது விவேகமாகாது.

நம்மவர்க்கு இது ஆகாது என்று சொல்லும் அடிமைப் புத்திக்காரர் இன்றும் சிலர் உளர். அவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லுகிறோம். இங்கிருந்து நூறு மைலுக்குள் இருக்கும் காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் கொடுத்ததன் பேரில், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரம் போட்டார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் நிறையவில்லை. தேசத்தில் பஞ்சமும் பிரிவினைத் துயரமும் தீரவில்லை. அந்த நிலையிலும் மின்சாரத்துக்கும் ரஸாயனத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய ஒரு சாலை வேண்டுமென்று கருதினார்கள். 1953-ல் அது திறக்கப்பட்டது. அந்த நிலையத்தாரும் புனாவிலுள்ள தேசிய ரஸாயன ஆராய்ச்சிச் சாலையாரும் கே.பி.ஐ.டி. என்ற கம்பெனியாரும் கூடிச் செய்த 10 கிலோவாட் மின்கலத்தைக் கொண்டு 2020-ல் ஒரு மோட்டார் ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் புனாவில் அதே முயற்சியின் தொடர்ச்சியாக ஒரு பஸ் வெளிவந்தது. 2024 ஜனவரி முதல் தேதி பறந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் நிலையத்தார் செய்த மின்கலமொன்று, மண்ணுலகுக்கு மேலே சென்று 180 வாட் மின்சாரம் கொடுத்தது. கனமென்பதே இல்லாத அவ்விடத்தில் ஜலத்துளி கீழே விழாது. நினைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே ஜலத்தைக் கட்டி ஆண்டவர்கள் அய்யலூர் ஏற்றத்தில் ஆள முடியாதா?

திறமை இருக்கிறது. பணம் எங்கே போகிறது என்பதே கேள்வி. 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் மொத்தத் தொகை 19,744 கோடி ரூபாய். அதில் உற்பத்திக்கும், ஜலத்தைப் பிரிக்கும் கருவிகள் செய்வதற்கும் ஊக்கத் தொகையாக 17,490 கோடி. முன்மாதிரிப் பரீக்ஷைகளுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி. நூற்றுக்கு இரண்டு ரூபாய்! ஹைட்ரஜனை மலைபோல் உற்பத்தி செய்ய வழிதேடிய சர்க்கார், அதை உபயோகிக்கும் யந்திரத்தின் நுட்பத்தைக் கற்க மடியைத் தடவி இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கிறது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லக்ஷம் டன் ஹைட்ரஜன் செய்யும் சக்தியைப் பெற வேண்டுமென்பது திட்டத்தின் நோக்கம். ஹைட்ரஜனை நாம் செய்து, அதை மின்சாரமாக்கும் பெட்டியை அயலாரிடம் வாங்குவதென்றால், பஞ்சை ஏற்றுமதி செய்து மான்செஸ்டர் துணியை வாங்கிய பழைய வியாபாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தூத்துக்குடியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை விட முடியாது. கொச்சித் தளத்தில் கட்டப்பட்ட, ஹைட்ரஜன் மின்கலத்தால் ஓடும் படகைப் பிரதம மந்திரி 2024 பிப்ரவரி 28-ந் தேதி தூத்துக்குடியிலிருந்தபடியே துவக்கிவைத்தார். 2025 செப்டம்பரில், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரைத் தாங்கிய துறைமுகத்தில், மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் செய்யும் சிறு நிலையம் 3 கோடியே 87 லக்ஷம் ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அதனால் வெளிச்சம். பிள்ளையவர்கள் 1906-ல் ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது கப்பல்களை அயல் தேசத்தில்தான் வாங்கினார். வேறு வழி இருக்கவில்லை. கப்பல் கட்டும் தொழிலை வெள்ளையர் நம்மிடம் விட்டுவைக்கவில்லை. 1908-ல் அவர் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. இன்று நமக்குத் தடை போட வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரும் இல்லை. தடை இருந்தால் அது நம் சர்க்காரின் பட்ஜெட்டில்தான் இருக்கிறது.

ஜலத்துக்கே தவிக்கும் சீமையில் ஹைட்ரஜன் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைச் செய்யக் குறைந்தது 9 லிட்டர் ஜலம் வேண்டும். சுத்திகரிப்பில் போவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கிணறு வற்றி, ‘போர்’ போட்டும் புழுதியே வரும் நம் கிராமங்களில் ஹைட்ரஜன் செய்யும் ஆலை வைக்க யாராவது வந்தால் அதை எதிர்ப்பவர்களில் நாம் முதலில் இருப்போம். அந்த ஆலைக்கு ஏற்ற இடம் கடற்கரை. உப்பு நீக்கிய கடல்நீரை உபயோகிக்கட்டும். அதேபோல் வடமதுரை வழியாக ஓடும் ரயிலுக்கும் ஹைட்ரஜன் வேண்டாம். திருச்சி–திண்டுக்கல் பாதையில் மின்சாரக் கம்பி இருக்கிறது. கம்பியிருக்கும் இடத்தில் மின்சாரத்தை நேரே உபயோகிப்பதை விட்டு அதை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும்.

லாரியின் விஷயம் வேறு. பெரும் பாரத்தைத் தூரதேசம் சுமந்து செல்லும் லாரிக்குக் கம்பி கட்ட முடியாது. பாட்டரி வைத்தால் பாரத்தில் ஒரு பங்கு பாட்டரியே ஆகிவிடும். ஹைட்ரஜன் லாரிக்கு நியாயமான இடம் இருக்குமானால் அது இங்கேதான். இதைப் பரீக்ஷித்துப் பார்ப்பதற்காக மத்திய சர்க்கார் 2025 மார்ச்சில் 208 கோடி ரூபாய் ஒதுக்கி, 37 பஸ், லாரிகளுக்கும் 9 ஹைட்ரஜன் நிரப்பும் நிலையங்களுக்கும் உத்தரவளித்தது. 37-ல் 15 தான் மின்கல வண்டிகள். மற்றவை ஹைட்ரஜனை என்ஜினில் எரிப்பவை. பாதைகள் பத்து. டெல்லி–ஆக்ரா, ஆமதாபாத்து–சூரத்து, புனா–பம்பாய், ஜாம்ஷெட்பூர்–கலிங்கநகர், திருவனந்தபுரம்–கொச்சி என்று ஜாபிதா நீளுகிறது. பத்தில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் இங்கே இருக்கிறது, லாரி செய்யும் தொழிற்சாலைகள் இங்கே, காரைக்குடி இங்கே, ஹைட்ரஜன் செய்யும் துறைமுகம் இங்கே. பரீக்ஷை மாத்திரம் வேறெங்கோ!

ஆகவே நாம் கேட்பது இது. தூத்துக்குடியில் இறங்கும் பஞ்சு, மதுரை, திண்டுக்கல் வழியாக வடமதுரை மில்களுக்கு லாரியில் வருகிறது. அந்தப் பாதையைப் பதினோராவது பாதையாகச் சேர்க்க வேண்டும். கடற்கரையின் உப்புக் காற்றில் புறப்பட்டு, விருதுநகர்ச் சீமையின் அனலைக் கடந்து, சிறுமலை அடிவாரத்தின் ஏற்ற இறக்கங்களில் ஏறி இறங்கி வந்து சேரும் லாரி, ஒரே நாளில் மூன்று விதக் காற்றைச் சுவாசிக்கும். சவ்வு காய்வதற்கும் வெள்ளமாவதற்கும் இதைவிட நல்ல பரீக்ஷைக் களம் கிடையாது. அதில் ஓடும் வண்டிகளில் பாதியிலாவது காரைக்குடி, சென்னை, புனா ஆராய்ச்சியாளர் செய்த மின்கலங்கள் இருக்கட்டும். கெடட்டும், கெட்டால்தான் கற்கலாம். மீதிப் பாதியில் அயல்நாட்டுப் பெட்டி வைப்பதானால், ஊதும் நேரத்தின் கணக்கையும் நிறுத்தும்போது உலர்த்தும் முறையையும் நம் நிபுணருக்குத் திறந்து காட்டவும், இடத்துக்கேற்ப மாற்ற இடம் கொடுக்கவும் விற்பவர் சம்மதிக்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கும் எந்தப் பெட்டிக்கும் இந்த நிபந்தனை இருக்கலாம். சம்மதியாதவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

தொழிலாளிகளின் க்ஷேமத்தையும் இதில் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஊதிக் கழிக்கும்போது வெளிவருவது நைட்ரஜனும் ஜலமும் மாத்திரமல்ல. அவற்றோடு ஹைட்ரஜனும் வருகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. எரிந்தாலும் பகலில் ஜ்வாலை சரியாகத் தெரியாது. காற்றைவிட மிக லேசானதாகையால் திறந்த வெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப்பிலோ கூரையடியில் தங்கிவிடும். நம் ஜில்லாவில் லாரி மராமத்து நடக்கும் கொட்டகைகள் எப்படியிருக்கின்றன என்பது நேயர்களுக்குத் தெரியும். புதிய குழாயில் ஹைட்ரஜன் விடுமுன் நைட்ரஜனை விட்டு உள்ளிருக்கும் காற்றைத் துரத்த வேண்டும். குழாயைக் கழற்றுமுன் மறுபடி நைட்ரஜனை விட்டு ஹைட்ரஜனைத் துரத்த வேண்டும். இந்த ஒழுங்கைத் தமிழில் எழுதி, தமிழில் கற்பித்து, பரீக்ஷை வைத்துத் தேறியவர்களையே வேலைக்கு விட வேண்டும். மில்களின் ஈரத்தைக் காத்துப் பழகிய நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது வராத வித்தையன்று.

கடைசியாக ஒன்று. இந்தப் பரீக்ஷைகளின் பேரேடு இரகசியக் காகிதமாக இருக்கலாகாது. எந்த வண்டி எத்தனை மைல் ஓடிற்று, எத்தனை கலம் கெட்டது, காய்ந்து கெட்டதா, அழுந்திக் கெட்டதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை வால்வு திறந்தது, ஊதியதில் வீணான ஹைட்ரஜன் எவ்வளவு என்ற விவரங்களை மாசந்தோறும் வெளியிட வேண்டும். திருவிழாவும் கொடியசைப்பும் நடந்த வண்டிகள் ஆறு மாசம் கழித்து என்னவாயின என்று பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் கேட்க நம் பிரதிநிதிகளுக்கு அப்பொழுதுதான் கையில் ஆதாரம் இருக்கும். திண்டுக்கல் பார்லிமெண்டு அங்கத்தினரும், வேடசந்தூர் சட்டசபை அங்கத்தினரும் பஞ்சு லாரிப் பாதையைப் பற்றிய கேள்வியை வரும் கூட்டத்திலேயே எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.